பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி? (தரம் 3)

கேள்வி: படுவான்கரை ஆசிரியை

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் இவ்வாண்டு தரம் 3 வகுப்பைப் பொறுப்பேற்றுள்ளேன். வகுப்பில் 19 பிள்ளைகள். தமிழ்ப் பாடநூலை விரித்துக் கொடுத்தால் அனைவரும் தடங்கலின்றி வாசிக்கிறார்கள் என்று முதல் இரண்டு வாரங்கள் நம்பியிருந்தேன். ஒருநாள் ஒரு சிறுவனின் விரல் இரண்டாம் வரியில் நிற்க, வாய் நான்காம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாடத்தில் வரும் 'பட்டம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன், வாசித்தான். முதலெழுத்தை அழித்து 'மட்டம்' என்று மாற்றினேன். அதையும் 'பட்டம்' என்றே வாசித்தான். இவ்வாறு ஏழு பேர் இருக்கிறார்கள். பார்த்தெழுதச் சொன்னால் அச்சுப்போல் எழுதுகிறார்கள். நேற்று என்ன செய்தாய் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். அரிச்சுவடியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டுமா? தொடங்கினால் மற்றப் பன்னிரண்டு பேரை என்ன செய்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

ரீச்சர், அரிச்சுவடிக்குத் திரும்ப வேண்டாம். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்புவிக்க வைத்தால், பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளை அதையும் ஒப்புவித்துவிடும். பிள்ளைக்கு வேண்டியது 12 உயிரும் 18 மெய்யும் எவ்வாறு சேர்கின்றன என்ற பிடிதான். அந்தப் பிடி நழுவும் இடங்களாக நான் அதிகம் கண்டவை இரண்டு. 'தே' என்பதில் தகர ஒலி முதலில் பிறக்கிறது, ஏகாரத்தின் கொம்போ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது; 'தோணி'யில் கொம்பு முன்னும் அரவு பின்னுமாக எழுத்தை இரு பக்கமும் அணைத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்ப் படிக்கும் பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பே. அடுத்தது உகர வரிசை. கு, பு, து ஆகிய மூன்றையும் பாருங்கள். உயிர் ஒன்றுதான், வடிவமோ மூன்று விதம். இவற்றை ஒத்த வடிவங்களாகக் கூட்டம் பிரித்துக் கற்பிப்பது நல்லது.

வாசிப்புக்கு நீங்கள் செய்த சோதனையையே பாடமாக்குங்கள். படம், பாடம், மாடம் என்றும் மாடு, வாடு, வாடி என்றும் ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தை மட்டும் மாற்றி எழுதி, எது மாறியது என்று கேளுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அவர்களுக்குத் தெரிந்த சொற்களாக இருக்கட்டும்: வட்டை (வயல்வெளி), பட்டி, தோணி. தெரிந்த சொல்லிலும் பொருளைக் கேட்க மறக்க வேண்டாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் முன்னர், அங்கிருந்த படகுத்துறைக்கு அருகில் நான் கற்பித்த காலத்தில், 'பாதை' என்ற சொல்லைப் பிழையின்றி வாசித்த ஒரு சிறுமி, படம் வரையச் சொன்னதும் வாவியைக் கடக்கும் 'பாதை' என்று எங்கள் பக்கம் சொல்லும் மிதவைப் படகை, சைக்கிள்களும் ஆட்களுமாக வரைந்தாள். பாடநூல் சொன்னது காட்டு வழியை.

பதில் 2: தரம் 2 ஆசிரியை, சம்மாந்துறை

சேர் கூறிய முறை வாசிப்புக்குப் பொருந்தும்; எழுத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. எழுத வராத பிள்ளைக்குப் பேச வரும். ஒரு பிள்ளை, "வாப்பாவோட வட்டைக்குப் போனேன்" என்று சொன்னால், அதைச் சொன்னபடியே அதன் கண்முன்னே எழுதி, அதனையே வாசிக்க வைப்பேன். தன் வாயிலிருந்து வந்த வசனம் என்பதால் விரலும் வாயும் ஒன்றாகச் செல்லும். அதன் கீழே 'வாப்பாவுடன்' என்று நூல் வழக்கில் எழுதிக் காட்டுவது சில நாட்களின் பின்னர்தான். முதல் நாளே 'இறால்' என்பதற்கு 'இரால்' என்று எழுதியதைச் சிவப்பு மையால் வட்டமிட்டால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை மீன் என்று மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்ளும். சொல்வதெழுதலுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் அங்கே திருந்தட்டும்.

மற்றப் பன்னிரண்டு பேருக்கும், ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மட்டும் அலுமாரியை விட்டு வெளியே வரும் கதைப் புத்தகங்களைக் கொடுங்கள். இருவர் இருவராக வாசித்து, வாசித்ததை மற்றவருக்குச் சொல்லட்டும்.

பதில் 3: ஒரு பெற்றார், அக்கரைப்பற்று

ஒப்புவிக்கும் பழக்கத்தில் எங்கள் பங்கும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசிலை எண்ணித் தரம் 3இலேயே வினாத்தாள் வாங்கிக் கொடுத்தவன் நான். ரீச்சர், பெற்றார் கூட்டத்தில் அந்த 'மட்டம்' சோதனையைச் செய்து காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களின் பின்

அனைவருக்கும் நன்றி. ஏழு பேரில் நால்வர் இப்போது புதிய சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். இருவருக்கு உகர வரிசை இன்னும் பிடிபடவில்லை. ஒரு பிள்ளை ஒழுங்காக வருவதில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுவன் நேற்று எவரும் கேளாமலே, 'அப்பா தொணில போனார்' என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினான். கொம்பு முன்னும் அரவு பின்னுமாகச் சரியான இடத்தில் நின்றன. கொம்பின் மேற்சுழி மட்டும் இல்லை. சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. அப்பா என்ன மீன் கொண்டுவந்தார் என்று கேட்டு, அடுத்த வரியை எழுத அனுப்பினேன்.