குதிகால் வலி: எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது, ஆபரேஷன்தான் வழியா?

நின்றே_வேலை:
வணக்கம். சில மாதங்களாக வலது குதிகாலில் வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஊசி குத்துவது போல் சுள்ளென்று இழுக்கிறது. நாலு அடி நடந்தால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே கதை. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை எனக்கு. எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் வளர்ந்திருக்கிறதாம். அதை எடுத்தால்தான் தீருமா? மாத்திரை போட்டால் கேட்கிறது, விட்டால் திரும்பிவிடுகிறது.

தசைநாண்:
நான் பிசியோதெரபிஸ்ட். முதலில் அந்த முள்ளை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். முள் இருந்தும் வலி போய்விடுகிறவர்களும் நிறைய.

நீங்கள் சொல்வது பிளான்டார் ஃபேஸியைட்டிஸ் போல இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த நார்ப்பட்டை, எலும்பில் ஒட்டும் இடத்தில் நொந்துபோவதுதான் இது. ஓய்வில் இறுகிக் கிடப்பது முதல் அடியில் திடீரென இழுபடுவதால்தான் காலை வலி. நெடுநேரம் நிற்பது, உடல் எடை, இறுகிய கெண்டைக்கால் தசை, தேய்ந்த செருப்பு எல்லாமே இதற்குத் தீனி. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அழுத்தினால் வலிப்பது குதிகாலுக்கு அடியில், உள்பக்கமாகவா? இல்லை பின்பக்கமா?

நின்றே_வேலை:
அடியில், உள்பக்கம்தான் சார்.

தசைநாண்:
அப்படியானால் பெரும்பாலும் அதுவேதான். இறங்குவதற்கு முன் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, விரல்களைக் கணுக்கால் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். உள்ளங்கால் விறைப்பதை இன்னொரு கையால் தொட்டுப் பார்க்கலாம். 10 நொடி பிடித்து விடுவது, 10 தடவை. பகலிலும் இரண்டு முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றி, கால் ஒன்றைப் பின்னால் வைத்துக் கெண்டைக்காலை 30 நொடி இழுங்கள்.

வலி கொஞ்சம் அடங்கியதும் படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நீட்டிப்பு மட்டும் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் பாரம் தாங்கும் பழக்கம் இதில்தான் வருகிறது.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சிலிக்கான் குதிகால் மெத்தை வைத்த செருப்பு உதவும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளங்காலால் உருட்டினால் மாலை வலி தணியும்.

ஓடும்_அக்கா:
எனக்கும் குதிகால்தான், ஆனால் பின்பக்கம், ஷூ உரசும் இடத்தில். இதே பயிற்சி செய்யலாமா?

தசைநாண்:
அப்படியே செய்ய வேண்டாம் அக்கா. அது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாண் ஒட்டும் இடம். படியிலிருந்து குதிகாலைக் கீழே தொங்கவிட்டால் வலி கூடலாம். தரை மட்டத்தில் ஏற்றி இறக்குங்கள், ஓட்டத்தைக் குறையுங்கள். குதிகாலை இரு பக்கமும் அமுக்கினால் கடுமையாக வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஓடுகிறவர்களுக்கு அது வரும். அப்போது பயிற்சியே வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

நின்றே_வேலை:
ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார்களே?

தசைநாண்:
ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் நிம்மதி கிடைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்புண்டு. நான் முதலில் அதற்குப் போகமாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் இரவிலும் வலி, இரண்டு குதிகாலிலும் வலியோடு காலையில் முதுகு இறுக்கம், இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. சர்க்கரை நோய் உண்டா?

நின்றே_வேலை:
இல்லை சார். நாளைக் காலையிலிருந்து கட்டில் பயிற்சியைத் தொடங்குகிறேன்.