அண்டார்டிகா கப்பலில் போய் வந்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையில் இரண்டாம் நாள். கரையில் உடுத்தப்போவதில் விதை, மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் கீழ்த்தளத்துக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். போனவர்களுக்குத் தெரியும், வாக்குவம் கிளீனரும் தூரிகையும் இடுக்கியுமாக உட்கார்ந்திருப்பார்கள். துவைத்த ஜாக்கெட்தானே என்று தைரியமாக நீட்டினேன். வழிகாட்டிப் பெண் கைப்பட்டை வெல்க்ரோவைப் பிரித்து, இடுக்கியால் ஒரு புல்விதையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் இப்படி மனிதர்களோடு போய் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் வேர் பிடித்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவர் பையை எடுத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வழுக்குப்பாறை:
எனக்கு ஜென்டூ பெங்குவின். 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், சரி. நான் தள்ளித்தான் நின்றேன், அந்தப் பெங்குவினுக்கு யார் சொல்வது? நேராக என்னைப் பார்த்து நடந்து வருகிறது. பின்னால் போகலாம் என்றால் அங்கே அவை ஏறி இறங்கும் பனித்தடம், அதை மறிக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து உட்காரவும் முழங்கால் போடவும் கூடாது என்பதால் மரம் மாதிரி நின்றேன். என் பூட்ஸ் வாரை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்ததே, அந்தப் பார்வை! கேமரா கையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

கரிப்புகை:
உப்புக்காற்று, ஒரு விதைக்கு இவ்வளவு வருத்தம், உலகத்தின் தென்கோடிக்கு விமானத்தில் போனீர்களே, அந்தப் புகைக்கு? நான் போன கப்பலின் விளம்பரத்தில் ‘கன எண்ணெய் எரிப்பதில்லை’ என்று, அதாவது கெட்டியான அழுக்குக் கப்பல் எரிபொருள் இல்லை என்று, பெரிதாகப் போட்டிருந்தார்கள். 2011 ஆகஸ்ட் முதல் அந்தக் கடலில் அது எல்லாக் கப்பலுக்கும் தடை. சட்டத்தை மதிப்பதற்கு ஒரு பசுமை முத்திரை! ஆனால் ஒன்று, பொய் சொல்லக் கூடாது. ஒரு ராத்திரி எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் மெதுவாகப் போனார்கள். கட்டிலின் அதிர்வு சட்டென்று நின்றது. வெளியே வந்தால் சுற்றிலும் சடசடவென்று பொரிகிற சத்தம், பனிக்கட்டிக்குள் எத்தனையோ காலமாக அடைபட்ட காற்று வெடித்து வெளியேறுகிறதாம். கொஞ்ச நேரம்தான். மறுபடி எஞ்சின் உறுமியது, நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

தாத்தாநங்கூரம்:
என் கதை சின்னது, டிரேக்கில் சூப் கிண்ணம் என் மடிக்கு வந்தது. புதிதாகப் போகிறவர்கள் கவனியுங்கள். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, கப்பல் கிளம்புமுன் போட வேண்டும், எது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறை எடுத்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் எடுங்கள், மேலே பால்கனி என்று ஆசைப்பட்டால் ஊஞ்சல்தான். வெறும் வயிறு ஆகாது. நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில். கதவின் ஓரத்தில் விரலை வைக்காதீர்கள், கப்பல் சாய்ந்தால் கதவு பாய்ந்து வந்து மூடும். தலை சுற்றினால் போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். அப்புறம் காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக.

உப்புக்காற்று:
காலுறை பற்றி யாரும் கேட்கவில்லையே ஐயா. கரிப்புகை, விமானத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் முழுசாகச் சொல்லவில்லை. முதல் நாள் கரைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் உள்பையின் மூலையைத் துழாவினேன். இன்னும் இரண்டு விதை இருந்தது. வேறு எத்தனை அங்கே விழுந்ததோ. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.