வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

ஒரகடம்24:
வணக்கம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இரண்டரை வருடம் வேலை பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் 15,000. அடுத்த மாதம் ஓசூரில் வேறு கம்பெனியில் சேர்கிறேன். பி.எஃப். பாஸ்புக்கில் 77,000 சொச்சம் காட்டுகிறது. பென்ஷன் கணக்கு தனி. கூட இருந்தவர்கள் வேலையை விட்டதும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் பைக்குக்கு முன்பணம் ஆகும். வயது 24. என்ன செய்யலாம்?

திருப்பூர் கணக்கக்கா:
தம்பி, எடுக்காதீங்க. பனியன் கம்பெனியில் பல வருடமாக பி.எஃப். வேலை பார்க்கிறவள் சொல்கிறேன். முதலில், உடனே வேறு கம்பெனியில் சேர்கிறவர் முழுப் பணத்தையும் எடுக்க விதியே இடம் தராது. புது யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே தரும் பி.எஃப். உறுப்பினர் எண்) வாங்கிக்கொண்டு பழையதைக் காலி செய்கிறார்கள் பாருங்கள், அந்த வழிக்குப் போகாதீங்க.

77,000-க்கு இப்போதைய 8.25 சதவீத வட்டியே நீடித்தால், நீங்கள் பென்ஷன் வயதான 58-ஐத் தொடும்போது சுமார் 11 லட்சத்து 40 ஆயிரம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பென்ஷன். மொத்தம் 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதாமாதம் பென்ஷன். பென்ஷன் பணத்தைக் கேட்கும் ஃபார்ம் 10சி போட்டு எடுத்த நாளோடு அந்த வருடங்கள் அழிந்துவிடும். போன வருடம் ஒரு செக்கிங் அக்கா மஞ்சப்பையில் நாலு கம்பெனி ஐ.டி. கார்டைக் கொண்டுவந்து என் மேஜையில் அடுக்கினார். உழைத்தது இருபது வருடத்துக்கும் மேல். மூன்று இடத்தில் 10சி போட்டிருந்தார். கணக்கில் மிச்சம் எட்டு வருடம். பென்ஷன் கிடையாது, கையில் ஒரு சின்னத் தொகை மட்டும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை. சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. 15,000-க்கு 10 வருடம் என்றால் மாதம் 2,142. கொஞ்சம்தான், ஆனால் வருடம் ஏற ஏற அதுவும் ஏறும்.

சேலத்துக்காரன்:
அக்கா சொல்வது சரி. ஆனால் 34 வருடம் கழித்து 11 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு இருக்காது, அதையும் மனதில் வையுங்கள் தம்பி. இன்னொன்று, ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. 50,000-க்கு மேல் போனால் டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கந்துவட்டிக் கடன் கழுத்தை நெரித்தால் யோசிக்கலாம். பைக்குக்கு வேண்டாம்.

ஒரகடம்24:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. எடுக்கவில்லை. மாற்றுவதற்கு என்ன செய்யணும்? ஆதாரில் இனிஷியல் விரித்து அப்பா பெயரோடு இருக்கிறது, பி.எஃப்.-இல் வெறும் இனிஷியல்.

திருப்பூர் கணக்கக்கா:
நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இதே தொல்லைதான். ஒரகடத்தை விடுவதற்கு முன்பே பெயர்த் திருத்தம் போட்டுவிடுங்கள். எச்.ஆர். ஒப்புதல் தேவைப்பட்டால், வெளியே வந்த பிறகு அதற்கு அலைய வேண்டியிருக்கும். விலகிய தேதியையும் எச்.ஆர்.-ஐ ஏற்றச் சொல்லுங்கள். ஓசூரில் பழைய யு.ஏ.என்.-ஐயே கொடுங்கள், அப்புறம் ஆன்லைனில் பணத்தை மாற்றும் ஃபார்ம் 13. பென்ஷன் சர்வீஸும் சேர்ந்து வந்ததா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்க தம்பி.