மறு: கால்பேக்: 'மீளழைப்பு' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஏதாவது நடந்ததும் கூப்பிடும்படி வேறொரு நிரலிடம் நாம் கொடுத்துவைக்கும் செயற்கூறுதான் (function) 'கால்பேக்' (callback). அதற்கு இப்போது வழங்கும் தமிழ்ச்சொல்லை மாற்ற வேண்டுமா என்ற பேச்சில் நண்பர் ஒருவர் கேட்டது:

> 'மீளழைப்பு' நிலைத்துவிட்டது. இனி அதை மாற்றுவானேன்?

நிலைத்தது உண்மைதான் ஐயா. போன வாரம் வரை நானும் அதையே எழுதினேன். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கடைத் தராசைக் கணினியோடு இணைத்துக் கொடுக்கப் போன இடத்தில்தான் அந்தச் சொல் எனக்குக் கசந்தது.

தராசு வலைவழி பேசும். அதற்கான நிரலகம் (library), அதாவது பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பு, சி மொழியில் இருக்கிறது. நான் பைத்தான் மொழியிலிருந்து, சி நிரலகங்களை அழைக்க உதவும் சிடைப்ஸ் (ctypes) வழியாக அதைத் தொட்டேன். இணைப்பு கிடைத்ததும் கூப்பிடு என்று ஒரு செயற்கூற்றைக் கொடுத்தேன். கூப்பிடவே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. வலைப் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப்பில் (tcpdump) பார்த்தால், இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலின் மூன்று பொட்டலங்களும் ஒழுங்காகப் போய் வந்திருக்கின்றன. அதே வேலையைச் சின்ன சி நிரல் ஒன்றில் செய்தால் உடனே அழைப்பு வருகிறது. ஆக, குறை கம்பியிலும் இல்லை, தராசிலும் இல்லை.

திரும்ப அழைக்க வேண்டியவர் ஏன் அழைக்கவில்லை என்று அரைநாள் சி பக்கத்தையே துருவினேன். 'மீளழைப்பு' என்ற சொல் பார்வையை அங்கேதான் திருப்புகிறது.

அந்த நேரத்தில் திருமங்கலத்து வியாபாரி ஒருவர், "பிச்சி வந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அவருடைய எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துத் தராசுக்கடியில் செருகினார். பிறகு கணக்கில் மூழ்கிவிட்டார். பிச்சி மூட்டை வந்து இறங்கியதையே அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சீட்டைத் தேடியபோது, கடைப் பையன் அதை வாழைநாரோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தான்.

என் இரண்டு பிழைகளும் அதற்குள் இருந்தன. முதலாவது, நிமிர்ந்து பார்க்காதது. இத்தகைய நிரலகங்கள் பலவும் தாமாக விழித்துக் கூப்பிடுவதில்லை. நிகழ்வுச் சுழற்சியை (event loop), அதாவது ஏதாவது நடந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் சுற்றை, நாம்தான் ஓட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் லிப்யூவி நிரலகத்திலும், சுழற்சியை ஓட்டும் யூவி_ரன் ஓடினால்தான் அழைப்பு வரும். நான் சுழற்சியை ஒரே ஒரு முறை, அதுவும் காத்திராத முறையில் ஓட்டிவிட்டு, வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதைச் சரிசெய்ததும் நிரல் செத்து விழுந்தது. இது சீட்டுப் பிழை. சிடைப்ஸ் நம் செயற்கூற்றை ஓர் உறைக்குள் இட்டு, உறையின் முகவரியைத்தான் சி பக்கம் தருகிறது. உறையை நான் எந்த மாறியிலும் வைத்துக்கொள்ளவில்லை. பதியும் வரி முடிந்ததும், இதைச் சுட்டுவார் யாருமில்லை என்று பைத்தான் அழித்துவிட்டது. சி பக்கமோ பழைய முகவரியையே வைத்திருந்தது. அந்த இடத்தில் வேறோர் உறை குடியேறினால் இன்னும் மோசம், அழைப்பு அடுத்த வீட்டுக்குப் போகும். சிடைப்ஸ் ஆவணம் இதை எச்சரித்துத்தான் இருக்கிறது. படிக்காதது என் குற்றம்.

போகிற போக்கில் ஒன்று: செயற்கூற்றுக்குள் விதிவிலக்கு (exception), அதாவது ஓடும்போது நேரும் பிழை, எழுந்தால் சிடைப்ஸ் அதைப் பிழைச்செய்திகள் போகும் பிழைத்தாரையில் (stderr) அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடும். பின்னணியில் ஓடும் நிரலில் அதை யார் பார்க்கிறார்கள்? வந்த அழைப்பும் வராதது போலவே தோன்றும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். கடைக்காரரிடம் நாம் 'சொல்லிவைக்கிறோம்'. பதிவது, பதிந்ததைக் காப்பது, நேரம் வரும்போது நினைவூட்டுவது ஆகிய மூன்றும் இந்த ஒரு வினைக்குள் அடங்குகின்றன. 'வை' என்ற துணைவினை, வைத்தது அங்கே இருக்கிறதா என்று கேட்கவும் தூண்டுகிறது. எனவே பதியும் செயலுக்குச் 'சொல்லிவைப்பு' என்பதை முன்வைக்கிறேன். சுழற்சி ஓடி, உறையும் பத்திரமாக இருந்தால், அழைப்பு சொல்லிவைத்தாற்போல் வரும்.

இதற்கு மறுப்பு எழும் என்று தெரியும். எங்கள் மதுரைப் பக்கம் "உன் தம்பியிடம் சொல்லி வை" என்றால் மிரட்டல். ஆவணத்தில் அந்தத் தொனி வராது என்று நம்புகிறேன்; வந்தாலும் சீட்டைப் பெருக்கித் தள்ளும் நிரலருக்கு அது தகும்.

இங்கே வேறொரு நண்பர் முன்மொழிந்த 'மறுவிளி' அழகாக இருக்கிறது. எட்டாம் வேற்றுமையை நினைவூட்டும் சொல். ஆனால் 'மறுமொழி'யின் சாயல் ஒட்டிக்கொள்வதால், கேள்விக்கு விடை என்று மயங்க இடமுண்டு.

சொல்லிவைக்கப்படும் செயற்கூற்றுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'சொல்லிவைத்த செயற்கூறு' நீளம். 'வை'யை விடாமல் யாராவது சுருக்கித் தாருங்கள்.