டிவி வீட்டில் நாலணா வாங்கினார்களா, இல்லையா?

முதலியார்பேட்டையான்:
நேற்று இந்த இணையக் குழுவில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: “ஏழைத் தெருக்களில் அக்கம்பக்கம் ஒற்றுமையாக இருந்தது என்பதெல்லாம் கட்டுக்கதை. டிவி இருந்த வீட்டில் தலைக்கு நாலணா வாங்கிக்கொண்டுதான் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள்.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் வளர்ந்தது புதுச்சேரி முதலியார்பேட்டையில், ஏ.எஃப்.டி. துணி மில் சங்குச் சத்தம் கேட்கும் தூரத்தில். ஓட்டு வீடு நாலு, மீதியெல்லாம் கீற்றுக் கொட்டகை. தெருவுக்கு ஒரே ஒரு டிவி. வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ சினிமாப் பாட்டு நிகழ்ச்சி நேரத்துக்கு அந்த வீட்டம்மா பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வைப்பார். கூடம், திண்ணை, தெரு வரைக்கும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது தெருவே அங்கேதான் அழுதது. ஒரு பைசா வாங்கவில்லை. எங்கள் ஜனங்களைக் கேவலப்படுத்தாதீர்கள்.

முதுநகரான்:
எழுதியது நான்தான். கடலூர் முதுநகர். நாலணா வாங்கினார்கள். வாசற்படியில் ஒரு பவுடர் டப்பா இருக்கும், அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காசு இல்லாதவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பான். நான் நின்றேன். ரெண்டு பாட்டு முடிந்ததும் ஒரு கை வந்து ஜன்னலைச் சாத்தும். அந்தக் கையில் இருந்த பச்சை வளையல் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை நான் எங்கிருந்தும் கதை பண்ணிக்கொண்டு வரவில்லை.

முதலியார்பேட்டையான்:
அது கடலூர் வழக்கமாக இருக்கும். அதை எல்லா ஊர் ஏழைகள் தலையிலும் கட்டாதீர்கள். ஒரு வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு நாட்டுக்கே தீர்ப்பு சொல்லக் கிளம்பிவிட்டீர்கள்.

உப்பளம் அக்கா:
முதலியார்பேட்டை அண்ணே, புதுச்சேரியிலும் வாங்கினார்கள். எங்கள் உப்பளம் சந்தில் வெள்ளிக்கிழமைக்கு நாலணா, ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எட்டணா. அந்த அம்மா டிவியைத் தவணையில் வாங்கியிருந்தார், கரண்டு பில்லும் கட்டவேண்டும். பிள்ளைகள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, சில்லறையை முந்தானையில் முடிந்துகொள்வார். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ வந்து படம் அரை மணி நேரம் நின்றுபோனாலும் காசு திரும்பி வராது.

அதே அம்மாதான், அப்பா வேலை பார்த்த மில்லில் வேலை இல்லாமல் நாங்கள் கஷ்டப்பட்ட மாதங்களில், பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுத்து அனுப்பினார். முன்வாசல் வழியாக வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், எங்கள் அம்மாவுக்கு மானக்கேடு என்று அவருக்குத் தெரியும். அப்புறம் ஒருநாளும் அந்த அரிசியைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க என்னால் முடியாது.

முதலியார்பேட்டையான்:
அரிசி இருக்கட்டும் அக்கா. கேள்வி நாலணா. உப்பளம் வேறு, முதலியார்பேட்டை வேறு. 1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிர்விட்ட ஊர் இது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த தெருக்கள். சங்கத்துக்குச் சந்தா கொடுத்து, வேலைநிறுத்தம் வந்தால் ஒரே உலையில் கஞ்சி காய்ச்சிக் குடித்த ஜனங்கள். அவர்களா பச்சைப் பிள்ளைகளிடம் நாலணா வாங்குவார்கள்? என் தெருவில் வாங்கவில்லை, வாங்கவில்லை, வாங்கவில்லை.

கீற்றுக் கொட்டகை:
1936-க்கும் 1987 டிவிக்கும் என்ன சம்பந்தம் ஐயா? போன மாதம் இங்கே தெருக்குழாய் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் செய்தீர்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போனால் யாரும் நகர்த்த மாட்டார்கள் என்று சாதித்தீர்கள். நான் மறுத்ததற்கு ‘நீ எந்தத் தெரு’ என்று கேட்டீர்கள். என் அம்மாவின் குடத்தை ஓரமாக உருட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். அந்த நசுங்கிய எவர்சில்வர் குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் ஒரு கீற்று மிஞ்சவில்லை. தெருவில் மாடி வீடு இரண்டே இரண்டு. ஒரு வீடு விடிவதற்கு முன்பே கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டது. இன்னொரு வீட்டுக் கதவு, காற்று அடங்கி மரங்களை வெட்டி எடுத்த பிறகுதான் திறந்தது. எந்த வீட்டை வைத்து என் தெருவைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள்?

முதலியார்பேட்டையான்:
குடம், புயல் எல்லாம் இந்த இழையில் எதற்கு? டிவி வீட்டில் நாலணா வாங்கினார்களா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

முதுநகரான்:
நான் சொல்லியாயிற்று. வாங்கினார்கள். நீங்கள் தியாகிகளைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள், பாவம் அவர்கள்! பாண்டிக்காரர்களுக்கு இந்தப் பெருமை போகவே போகாது போலிருக்கிறது. கடலூரை மட்டமாகப் பேசினீர்களே, 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்து மக்களுக்குச் சோறு வடித்துக்கொண்டு ஓடியவர்கள் யார்? எங்கள் தெருவிலிருந்து போன முதல் குண்டான் சாம்பார் சாதத்தை நான்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

முதலியார்பேட்டையான்:
அப்படிப் போடுங்கள்! ஒற்றுமை கட்டுக்கதை என்று ஆரம்பித்தவர் நீங்கள், ஒற்றுமைக்கு உதாரணம் கொடுப்பவரும் நீங்களே. இதோடு முடிந்தது விவாதம்.

முதுநகரான்:
எங்கே முடிந்தது? சாவு விழுந்தால் எதிரிகூட வந்து பந்தக்கால் பிடிப்பான். நான் பேசுவது எதுவும் நடக்காத ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையைப் பற்றி. அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பையனை எங்கே நிறுத்தினார்கள்? வெளியே, ஜன்னலில்.

நெல்லித்தோப்புத் தம்பி:
அண்ணன்மார்களே, நான் டிவி வீட்டுக் காலத்துக்கு அப்புறம் பிறந்தவன். எங்கள் அப்பா சொன்னது ஒன்று இருக்கிறது. காசு கொடுத்தாலும் எல்லாரையும் கூடத்தில் உட்கார விடவில்லை. இன்ன தெருப் பிள்ளைகள் திண்ணையோடு சரி என்று இருந்ததாம். அப்பாவிடம் நாலணா இருந்தது, வாங்கியும் கொண்டார்கள், ஆனால் உட்கார வைத்தது வாசலில். இதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

முதலியார்பேட்டையான்:
தம்பி, அது தனி விஷயம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு நாலணாவைப் பற்றி.

உப்பளம் அக்கா:
தனி விஷயமில்லை அண்ணே. அதே கூடம், அதே திண்ணை. தம்பி கேட்டது நியாயமான கேள்வி. உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் தனி இழைக்குப் போகவேண்டுமா?

முதலியார்பேட்டையான்:
எனக்குப் பிடிக்காதது பொய் மட்டும்தான். என் தெருவில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். படம் ஆடினால் கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பிப் பிடிப்பவனே நான்தான். என்னிடம் யாரும் நாலணா கேட்கவில்லை.

கீற்றுக் கொட்டகை:
ஆன்டெனா பிடிக்கிற பையனிடம் எவன் காசு கேட்பான்? மற்ற பிள்ளைகள் கொடுத்தார்களா என்று கூரை மேலிருந்து உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதலியார்பேட்டையான்:
கூரையிலேயே குடியிருந்தேனா? இறங்கி வந்து கூடத்தில்தான் உட்காருவேன். ஒரு டப்பாவும் இல்லை, முந்தானை முடிச்சும் இல்லை. குடத்துக் கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

முதுநகரான்:
கூடத்தில் உட்கார்ந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே யார் நின்றார்கள் என்று தெரியாது. அதையும் விடுங்கள், முதலியார்பேட்டையில் அந்தக் காலத்தில் படம் தெளிவாகத் தெரிந்ததா? எங்கள் வீட்டுப் பக்கம் அலுமினியக் கம்பத்தை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றி பூஸ்டர் மாட்டினாலும் பாதி நேரம் புள்ளிதான்.

முதலியார்பேட்டையான்:
முதுநகரில் தெரியாமல் போயிருக்கலாம். எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது. காசு வாங்காமல்.