அப்பா எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது. விண்வெளி வீரர்களுக்கும் இப்படித்தானா?

மீனா, முருகேஷ்பாளையா

அப்பாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, ஐந்து வாரம் படுக்கையிலேயே இருந்தார். போன திங்கட்கிழமை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தோம். பத்து எண்ணுவதற்குள் முகம் வெளுத்து, "கண்ணை இருட்டுதும்மா" என்று என் தோளில் சாய்ந்துவிட்டார். படுத்திருக்கும்போது 130 இருந்த பிபி, நின்றதும் 88.

ஏழாவது படிக்கும் என் பையன், "தாத்தா விண்வெளியிலிருந்து இறங்கியிருக்கார்" என்கிறான். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா திரும்பி வந்தபோது அவரை ஆட்கள் கைத்தாங்கலாக நிறுத்தியதை டிவியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. நிஜமாகவே தொடர்பு உண்டா? எடையே இல்லாத இடத்தில் இதயத்துக்கு வேலை குறைவு. ஓய்வு நல்லதுதானே?

ரமணி, அல்சூர்

மீனாம்மா, நான் முப்பது வருடம் பிசியோதெரபி பார்த்தவள். பையன் சொன்னது சரி.

நாம் நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். இதயமும் ரத்தக்குழாய்களும் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். விண்வெளியில் அந்த இறக்கம் இல்லை. ஏறக்குறைய இரண்டு லிட்டர் திரவம் காலிலிருந்து மார்புக்கும் முகத்துக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், கால் கோழிக்கால் ஆகும். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உடம்பு ஏமாந்து, ரத்தத்தின் நீரைக் குறைத்துவிடும். அப்படியே தரைக்கு வந்து நின்றால்? உங்கள் அப்பாவுக்கு நடந்ததேதான். அதனால்தான் இறங்குவதற்கு முன் உப்பு மாத்திரையும் தண்ணீரும் கொடுக்கிறார்கள்.

ஓய்வு நல்லதுதானே என்று கேட்டீர்கள். அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 2015-16இல் 340 நாள் மேலே இருந்தார். வாரத்தில் ஆறு நாள் உடற்பயிற்சி செய்தும் அவருடைய இதயத்தின் இடது கீழறைத் தசை கால்வாசிக்கு மேல் குறைந்தது. கூடவே ஆய்வாளர்கள் இன்னொருவரைப் பார்த்தார்கள்: 2018இல் பசிபிக் கடலில் 159 நாள் நீந்திய பெனுவா லெகோம்ட். தினமும் மணிக்கணக்காக நீச்சல், ஆனால் நிமிராமல் படுத்தவாக்கிலேயே இருந்த உடம்பு. அவருக்கும் இதயம் ஏறக்குறைய அதே வேகத்தில் சுருங்கியது! சும்மா நிமிர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கே அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இருவருக்குமே இதயம் துடிப்பதில் கோளாறு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவை நேராக நிறுத்தாதீர்கள். முதலில் தலைப்பக்கம் உயர்த்துங்கள், அப்புறம் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு ஐந்து நிமிடம், அதன்பிறகு நிற்கட்டும். பிபி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இந்த 88ஐ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விண்வெளி மேல் போட்டுவிட முடியாது.

செல்வம், கே.ஆர்.புரம்

ரமணி அக்கா சொன்னதோடு ஒன்று. பூமியிலேயே இதைச் சோதிக்க, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் ஆட்களை வாரக்கணக்காகப் படுக்க வைக்கிறார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. உங்கள் அப்பா காசு வாங்காமல் அந்த வேலையைச் செய்திருக்கிறார் :)

பையனிடம் இதையும் சொல்லுங்கள்: மேலே ஈர்ப்பு இல்லை என்பது தப்பு. 400 கிலோமீட்டர் உயரத்தில் இங்கிருப்பதில் 90 சதவீதம் இருக்கிறது. விண்வெளி நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள்.

சுக்லா திரும்பி வந்தபின் லேப்டாப்பை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் கட்டில் ஓரமாகத் தள்ளிவிட்டாராம். நல்லவேளை, கீழே கார்ப்பெட் இருந்தது.

மீனா, முருகேஷ்பாளையா

ரொம்ப நன்றி அக்கா. டாக்டர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். இன்று கட்டில் ஓரத்தில் ஏழு நிமிடம் உட்கார்ந்தார், அப்புறம் நாற்பது விநாடி நின்றார். பிபி 112. பையன்தான் போனை வைத்துக்கொண்டு கவுண்ட்டவுன் எண்ணினான்.

ஒரே ஒரு வம்பு. அந்த உப்பு மாத்திரை சமாச்சாரத்தை அவன் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டான். காலையிலிருந்து ஆவக்காய் ஊறுகாய் கேட்கிறார்.

ரமணி, அல்சூர்

கொடுத்துவிடாதீர்கள்!