சிமெண்ட் சூளையில் குப்பை எரிப்பது: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர். இப்போது நிலக்கரியோடு நகராட்சிக் குப்பையில் பிரித்த பிளாஸ்டிக்கையும் எரிக்கிறார்கள். சூளைக்குள் 1,450 டிகிரி வெப்பம், நச்சு அழிந்துவிடும் என்கிறார்கள். பெருமளவு சரிதான், குப்பைமேட்டில் பற்றி எரிவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் புகை 450 டிகிரியிலிருந்து 200-க்கு மெதுவாக ஆறினால் டயாக்சின் என்ற கொடிய நச்சு மறுபடி உருவாகலாம். பாதரசமோ எரிந்து அழிகிற பொருளே இல்லை. இப்படி எரித்தால் கார்பன் குறையும் என்று அவர்கள் சொல்வதும் பாதிதான் உண்மை. சிமெண்டின் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது, எரிபொருளை மாற்றினால் அது குறையாது.

சிமெண்ட் ஆலைப் புகைக்கான மத்திய அரசின் 2016 விதிப்படி டயாக்சின் வரம்பு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம். தூசியைக் கருவி தொடர்ந்து பதிவு செய்கிறது, டயாக்சினை அப்படிச் செய்வதில்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? மனுவில் எப்படிக் கேட்பது? அப்புறம், கிணற்று நீரிலும் வயல் மண்ணிலும் எதையெல்லாம் பரிசோதிக்கலாம்? பள்ளிக்கூடம் காற்று வீசும் திசையிலேயே இருக்கிறது, அதுதான் பெரிய கவலை. அடுத்த மாதம் ஊர்க்கூட்டம். அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.